கலக்காமல் வந்த காவிரி

அந்த வருஷம் ஆடி பிறந்த அன்று காலையில், கரூருக்குக் கிழக்கே ஆறு கைகால் நீட்டி அகலமாகப் படுத்திருக்கும் இடத்தில் உள்ள எங்கள் மணல்மேட்டுப்புதூருக்கு, காவிரி கலக்காமல் வந்து சேர்ந்தது.

அதாவது அமராவதி தனியாக, நொய்யல் தனியாக, பவானி தனியாக, கபினி தனியாக, அந்தப் பக்கம் ஹேமாவதி தனியாக, சிம்சா தனியாக, அர்க்காவதி தனியாக, அக்கரையை ஒட்டித் திருமணிமுத்தாறு தனியாக, ஒன்றின் மேல் ஒன்று படாமல், பட்டை பட்டையாக, சண்டை போட்டுக்கொண்டு ஒரே பஸ்ஸில் வருகிற சொந்தக்காரர்கள் மாதிரி வந்தன; வழியில் எத்தனையோ அணைகளில் ஒன்றாகப் பூட்டிவைத்தும், மேட்டூரில் நாள்கணக்கில் ஊறப்போட்டும், பாறையில் மோதவிட்டும் பாலத்துக்கடியில் நெருக்கித் தள்ளியும் ஒரு சொட்டுகூட ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. நாங்கள் ஆச்சரியப்படவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் கட்டுகிற முறை, அதனால் ஆச்சரியப்படுவதைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்தோம், சாயங்காலத்துக்குள் பழகிவிட்டது.

எது எந்த ஆறு என்று ஆண்கள் கரையில் நின்று வாதாடிக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடத்து ஜாக்குலின் டீச்சர் வகுப்பையே கரைக்குக் கூட்டிவந்து, வலது பக்கம் சேர்கிற ஆறுகள் வலது பக்கமாகவே வரும், இடது பக்கம் சேர்கிறவை இடது பக்கமாகவே வரும், கடைசியாகச் சேர்ந்தது கரையை ஒட்டியும் முதலில் சேர்ந்தது நடுவிலும் போகும் என்று சாக்பீஸ் இல்லாமலே பாடம் நடத்தினார். அந்த வருஷம் துணை ஆறுகள் கேள்வியில் எங்கள் ஊரில் ஒரு பிள்ளைகூட மார்க் இழக்கவில்லை. ஆனால் டீச்சருக்கும் முன்னாலேயே எங்கள் ஊர்ப் பெண்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆற்றங்கரை ஊர்களில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் ஆற்றை ஒட்டியேதான்; எங்கள் ஊருக்கு மருமகளாக வந்தவர்களில் பாதிப்பேர் மேற்கேயும் வடக்கேயும் ஏதோ ஓர் ஆற்றைக் குடித்து வளர்ந்தவர்கள். தாராபுரத்திலிருந்து வந்த மாராத்தாள் படித்துறையில் இறங்கி ஒரு கை அள்ளிக் குடித்தாள், கண்ணை மூடினாள், சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள்.

"இது எங்கூட்டுத் தண்ணி. அமராவதி. என்ற அம்மா ரசம் இந்தத் தண்ணிலதான் வெப்பா" என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். யாரிடமும் கண்ணீரைக் காட்டாத மாராத்தாள் அழுததுதான் அன்றைக்கு எங்களுக்கு உண்மையான அதிசயம்.

அப்புறம் கேட்க வேண்டுமா? சத்தியமங்கலத்துக்காரி பவானியைக் கேட்டாள், கொள்ளேகாலத்துப் பக்கம் வாழ்ந்து வந்தவள் கபினியைக் கேட்டாள், ராசிபுரத்துக்காரி அக்கரையை ஒட்டிப் போகிற திருமணிமுத்தாறுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கரையை ஒட்டி வந்ததால் அமராவதிக்கு மட்டும் படகு வேண்டியதில்லை, மற்றவற்றுக்கெல்லாம் பரிசல் போட்டுத்தான் போக வேண்டும். பரிசல் ஓட்டுவது மாராத்தாளின் மகன் சென்னியப்பன். பாலம் கட்டியதிலிருந்து ஆள் வராமல் ஈயோட்டிக்கொண்டிருந்த சென்னியப்பனுக்கு, ஒரே வாரத்தில் சோறு தின்ன நேரம் இல்லாமல் போனது. குடங்களை அடுக்கிக்கொண்டு ஒரு பட்டையிலிருந்து இன்னொரு பட்டைக்குப் போவான். ஒவ்வொரு பட்டைக்கும் வேகம் வேறு என்பதால் எல்லையைத் தாண்டும்போதெல்லாம் பரிசல் ஒரு சுற்று சுற்றி, உள்ளே இருக்கிற பெண்கள் ஒரு கூச்சல் போட்டு, அடுத்த நிமிஷம் பிறந்தவீட்டுத் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு சின்னப் பிள்ளைகளாகச் சிரிப்பார்கள்.

ஊர் இதற்குத் தக்கபடி மாறிக்கொண்டது. டீக்கடைக் குழந்தைவேல் நான்கு பாய்லர் வைத்தான்; பவானி டீ திடமாக இருக்கும், கபினி டீ காட்டு வாசனை அடிக்கும், அமராவதி டீயை மாராத்தாளுக்குப் பயந்து எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். வீட்டுக்கு வீடு மாமியார் பானை, மருமகள் பானை என்று வாசலில் வரிசை கட்டியது, எந்தப் பானையில் சாம்பார் வைத்தார்கள் என்று தெரிந்தால் அந்த வீட்டில் அந்த வாரம் யார் கை ஓங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். மீன்கள்கூட எல்லை தாண்டவில்லை. எருமைகள்தான் எதற்கும் கட்டுப்படாமல் குறுக்கே கிடந்தன.

ஒரே ஒரு விஷயம்தான் எங்களுக்கு உறுத்தியது. காவிரி எங்கே என்று கேட்டதற்கு டீச்சர் நடுவில் விரல் காட்டினார். குடகு மலையில் பிறந்து, யாரும் வந்து சேராமல் தானாக வந்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு, ஒரு வாய்க்கால் அகலத்துக்கு, கபினிக்கும் ஹேமாவதிக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு போனது. "இவ்வளவுதானா?" என்றார் கோயில் பூசாரி, ஏமாந்துபோன குரலில். நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டது இந்தச் சின்னப் பெண்ணையா என்று எங்களுக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அந்தப் பட்டையைத் தேடி யாரும் குடம் கொடுத்தனுப்பவில்லை, குடகிலிருந்து எங்கள் ஊருக்கு யாரும் வாழ வரவில்லை.

இனி கோகிலவாணியைச் சொல்ல வேண்டும். சென்னியப்பனின் மனைவி, காங்கயத்துக்கு வடக்கே நொய்யல் ஓரத்து ஊர்க்காரி, வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. பேச்சில் கெட்டிக்காரி, வெற்றிலை அடுக்குவதில் எங்கள் ஊர்க்காரர்களையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள், மாமியாருக்கு அவளைப் பிடிக்கும், அதை வெளியே சொல்வதுதான் பிடிக்காது. பட்டைகள் வந்த நாளில் எல்லாப் பெண்களோடும் அவளும் ஓடினாள். நொய்யல் அமராவதிக்கு அடுத்த பட்டை, கல்லெறிந்தால் விழுகிற தூரம்தான். அது அன்றைக்கு ஊதா நிறத்தில் வந்தது.

மறுநாள் இளஞ்சிவப்பு, அதற்கு மறுநாள் பச்சை. மேற்கே பனியன்களுக்கு என்ன சாயம் ஏற்றுகிறார்களோ அதுதான் எங்கள் ஊருக்கு முதலில் தெரிந்தது. குறுக்கே கிடந்த எருமைகள் முன்பாதி கறுப்பும் பின்பாதி ஊதாவுமாகக் கரையேறின. அக்கரையில் திருமணிமுத்தாறும் ஒன்றும் பளிங்காக வரவில்லை, ஆனால் அது அக்கரைக்காரர்கள் பாடு என்று நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. நொய்யல் எங்கள் கண்ணெதிரே போனது. பவானிக்குப் போகிற பெண்கள் அந்தப் பட்டையைத் தாண்டும்போது குடத்தின் வாயைக் கையால் மூடிக்கொண்டார்கள், சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டார்கள், ஒருத்தி மூக்கையும் பிடித்துக்கொண்டாள். கோகிலவாணி கரையில் நின்று இதையெல்லாம் பார்த்தாள். அவள் அன்றிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் மத்தியானம் புருஷனுக்குச் சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, ஊர்ல அத்தனை பேருக்கும் அவங்கவங்க தண்ணிய மொண்டுட்டு வந்து குடுக்கறீங்க. எனக்கு ஒரு கொடம் கொண்டாந்தீங்களா?"

சென்னியப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "பாக்கலாம் அம்மிணி."

"தெனமும் அதும்மேலதான பரிசல் ஓட்டறீங்க. இன்னும் என்னத்தப் பாக்கறது?"

தின்பண்டம் எடுக்கிற சாக்கில் உள்ளே வந்த மாராத்தாள் முந்திக்கொண்டாள். "அந்தத் தண்ணிய இந்த ஊட்டுக்குள்ள கொண்டாந்தா நான் வெளிய போயிருவேன், சொல்லிப்போட்டேன். ஏம்புள்ள, என்ற தண்ணி இருக்குதல்ல? தாராளமா மொண்டுக்க. ஆரு வேண்டாங்கறா?"

"உங்க தண்ணி நல்ல தண்ணிதானுங்கத்தை. ஆனா அது உங்குளுது" என்றாள் கோகிலவாணி. சென்னியப்பன் இரண்டு பேரையும் பார்க்காமல் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனான். ஆற்றில் எந்தச் சுழலுக்கும் அசராத மனுஷன், வீட்டுக்குள் மட்டும் துடுப்பைத் தொலைத்துவிடுவான்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கு அன்று ஒரு வழக்கம் உண்டு. படித்துறையில் ஊர்ப்பொது அண்டாவை ஏற்றி, ஊர் மருமகள்கள் எல்லோரும் ஆளுக்கொரு குடம் ஆற்றுத் தண்ணீர் அதில் ஊற்றி, அந்தத் தண்ணீரில் சோறு வடித்து, புளி, எலுமிச்சை, தேங்காய் என்று கலந்து, முதல் கவளத்தை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு ஊரே உட்கார்ந்து தின்னும். எந்த மருமகளின் குடம் அந்த அண்டாவில் விழுகிறதோ அவள் அன்றிலிருந்து ஊர்க்காரி, விழாதவரை விருந்தாளிதான். போன ஆடிக்குப் புதுப்பெண் என்று கோகிலவாணியைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். இந்த ஆடிதான் அவளுக்கு முதல் அண்டா. மற்ற வருஷங்களில் எல்லோரும் ஒரே படியில் இறங்கி மொள்வார்கள், யார் தண்ணீர் எது என்ற பேச்சே இருக்காது. இந்த வருஷம் ஒவ்வொருத்தியும் தன் ஆற்றைத்தான் ஊற்றுவேன் என்றாள்.

அதற்குள் அதிசயத்தின் ருசி கொஞ்சம் கொஞ்சமாகக் கசக்க ஆரம்பித்திருந்தது. அமராவதி மட்டும் பாய்ந்த எங்கள் கொடிக்காலில் வெற்றிலை காரம் இல்லாமல் காகிதமாகத் துளிர்த்தது. கீழே டெல்டாவிலிருந்து குழந்தைவேலின் சகலை போன் செய்தார். முக்கொம்பில் ஆறு பிரிகிறபோது இடது பக்கத்துத் தண்ணீரெல்லாம் கொள்ளிடத்துக்குப் போய்விட்டது, கல்லணையில் மிச்சத்தையும் ஆளுக்கொரு பட்டையாகப் பிரித்துக்கொண்டார்கள், அவர் இருக்கிற ஒரத்தநாட்டுப் பக்கம் புது ஆற்றில் ரோஸ் கலரில் வருகிறது, கும்பகோணத்துப் பக்கம் வெறும் கபினி.

"நட்ட நாத்து நட்டபடியே நிக்குது மாப்ள" என்றார் அவர். "கருகவும் இல்ல, தூர் கட்டவும் இல்ல. என்னமோ யாரயோ எதிர்பாத்துக்கிட்டு நிக்கிற மாதிரி நிக்குது. ஒரு தண்ணில என்னத்த விளையும்? செம்மண்ணு ஒருத்தி கொண்டுவரணும், கரிசல ஒருத்தி கொண்டுவரணும், இலைதழைய ஒருத்தி கொண்டுவரணும். எல்லாம் சேந்தாத்தான ஆறு. நீங்கதான் மேல இருக்கீங்க, எதாச்சும் பண்ணுங்க."

நாங்கள் கூட்டம் போட்டோம். ஆடிப்பெருக்கு அண்டாவில் எல்லாத் தண்ணீரும் ஒன்றாக விழுந்தால், அதைப் பார்த்து ஆற்றுக்கும் புத்தி வரும் என்று பூசாரி சொன்னது எல்லோருக்கும் பிடித்துப்போனது. ஆளில்லாத ஆறுகளுக்கும் பூசாரியே ஊற்றிவிடுவதாக ஏற்றுக்கொண்டார், குடகுப் பட்டை உட்பட. பட்டியலில் நொய்யல் வந்தபோது, சோறு ஊர்ப்பிள்ளைகள் தின்பது, ஒரு தண்ணீர் குறைந்தால் ஒன்றும் குடி முழுகிப்போகாது என்று யாரோ சொன்னார்கள், நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். கூட்டத்தில் சென்னியப்பனும் இருந்தான். அவன் தலையாட்டவில்லை, வாயைத் திறக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து அவன் சொன்னதைக் கோகிலவாணி கேட்டுக்கொண்டாள். "அப்ப நான் எங்கூருக்குப் போறனுங்க" என்றாள். "கோவமெல்லாம் இல்ல. என்ற தண்ணி உழுகாத அண்டால நான் எப்படிங்க சோறு திங்கறது? ஒரு வருசம் விருந்தாளியா இருந்தது போதும். ஊத்தறதுன்னா வர்றேன். இல்லாட்டி வரல, எப்பவும் வரல." இதைக் கத்திச் சொல்லியிருந்தால்கூட அவன் சமாதானம் பண்ணியிருப்பான். அவள் வெற்றிலையை அடுக்குவது மாதிரி நிதானமாகச் சேலைகளைப் பைக்குள் அடுக்கினாள்.

ஆடிப்பெருக்கு விடிந்தது. படித்துறையில் அண்டா ஏறியது, மருமகள்கள் பட்டுடுத்தி வரிசையில் வந்து குலவையிட்டுக் குடம் குடமாக ஊற்றினார்கள், அடியில் விறகு திகுதிகுவென்று எரிந்தது. எட்டிப் பார்த்த பூசாரி முகத்தைச் சுருக்கினார். அண்டாவுக்குள்ளும் தண்ணீர் கலக்கவில்லை. பவானி ஒரு மூலையில் கொதித்துக்கொண்டிருந்தது, அதை ஒட்டியே கபினி பச்சைத்தண்ணீராக நின்றது, ஹேமாவதியில் போட்ட அரிசி குழைந்தது, அமராவதியில் போட்டது விறைத்துக் கிடந்தது. கரண்டி போட்டுக் கிண்டினார்கள். கரண்டி போன பிறகு தண்ணீர் அதனதன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. உன் தண்ணீர்தான் திமிர் பிடித்தது என்று ஒருத்தி சொல்ல, உன் ஊரே அப்படித்தான் என்று இன்னொருத்தி சொல்ல, குலவையிட்ட வாய்களிலிருந்தே வசவு பொழிய ஆரம்பித்தது.

படித்துறைக்கு மேலே ரோட்டோரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு கோகிலவாணி காங்கயம் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தாள். பஸ் வந்தது, நின்றது, ஆனால் டிரைவரும் கண்டக்டரும் அண்டாவை வேடிக்கை பார்க்க இறங்கிவிட்டார்கள்.

அப்போதுதான் சென்னியப்பன் பரிசலை எடுத்தான். யாரையும் ஏற்றிக்கொள்ளவில்லை. அமராவதியைத் தாண்டினான், அடுத்த பட்டையில் போய்ப் பரிசலை நிறுத்தினான். அன்றைக்கு நொய்யல் சிவப்பாக ஓடியது. ஊரே பார்க்க, அவன் இரண்டு கையையும் முழங்கை வரை உள்ளே விட்டு ஒரு குடம் மொண்டான். கரையேறி, சிவந்த கையோடு, அண்டாவைத் தாண்டி, மாராத்தாளைத் தாண்டி, ரோட்டுக்குப் போய்க் குடத்தைக் கோகிலவாணியின் காலடியில் வைத்தான்.

"முன்னாலயே கொண்டாந்திருக்கோணும்" என்றான். "நான் பயந்தாங்கொள்ளி. நீ வந்து ஊத்து."

கோகிலவாணி குடத்தைப் பார்த்தாள். அவனுக்காக இல்லை, அந்தத் தண்ணீருக்காகத்தான் அவள் முதலில் அழுதாள். அப்புறம் குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்து எங்கள் நடுவில் நின்றாள். நாங்கள் கொஞ்சம் விலகினோம், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"எதுக்குங்க ஒதுங்கறீங்க?" என்றாள். "இது வெள்ளியங்கிரி மலையில பொறக்கறப்போ உங்க எல்லாத்தோட தண்ணியாட்டத்தான் பொறக்குது. நடுவுல இருக்கறவங்க செஞ்சதுக்கு அது என்ன பண்ணும்? இந்தத் தண்ணி பாஞ்சு கருகிப்போயி எங்கப்பன் தென்னைமரம் அத்தனையும் வெட்டிப்போட்டாரு. நீங்க இன்னிக்குத்தான் பாக்கறீங்க. ஆனா இன்னிக்குத்தான் இது வந்துச்சா? எத்தன வருசமா இதைக் கலந்து குடிச்சிட்டு இருக்கீங்க! தனியா வந்ததுனால நெறம் தெரியுது, அவ்வளவுதானுங்க."

டீக்கடைக் குழந்தைவேல் தன் கையிலிருந்த டம்ளரை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். கோகிலவாணி குடத்தை அண்டாவின் விளிம்புக்குத் தூக்கப் பார்த்தாள், கனம் தாங்காமல் குடம் பாதியிலேயே நின்றது. அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு கை வந்து குடத்தின் அடியைத் தாங்கியது. வளையலைப் பார்த்தே எல்லோருக்கும் தெரிந்தது, அது மாராத்தாளின் கை.

"தூக்கு புள்ள" என்றாள் மாராத்தாள். "ஒருத்தியே தூக்கறதா இது?"

நொய்யல் விழுந்ததும் அண்டாவுக்குள் ஒரு பெருமூச்சு கேட்டது. பவானி பக்கத்தில் இடம் விட்டது, அமராவதி வந்து சேர்ந்தது, கபினி சூடேறியது, எல்லாம் ஒன்றாகப் புரண்டு, ஒன்றாகக் கொதித்து, விளிம்பைத் தாண்டிப் பொங்கியது. சோறு லேசான ரோஜா நிறத்தில் வெந்திருந்தது. முதல் கவளத்தைக் கோகிலவாணிதான் ஆற்றில் விட்டாள். அது விழுந்த இடத்திலிருந்து வட்டம் வட்டமாகப் பட்டைகள் கரைந்தன, திருமணிமுத்தாறு அக்கரையை விட்டு வந்தது, நடுவில் ஒடுங்கிக் கிடந்த வாய்க்கால் பக்கத்துக்குப் பக்கம் கை நீட்டி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைக்குக் கரை காவிரியாகிவிட்டது. பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பஸ் டிரைவர் இரண்டு இலைச் சோறு தின்றுவிட்டுக் கிளம்பினார், கோகிலவாணியின் பை அவள் வீட்டுக்குத் திரும்பியது.

நாங்களும் அந்தச் சோற்றைத் தின்றோம். ஒவ்வொரு கவளத்தையும் அதன் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டோம். சில நாளில் வெற்றிலையில் காரம் வந்தது, நாற்று தூர் கட்டிவிட்டது என்று ஒரத்தநாட்டுச் சகலை போன் செய்தார். அவ்வளவோடு கதை முடிந்திருக்கும். மாராத்தாள்தான் முடியவிடவில்லை.

ஆவணியில் ஒரு நாள் எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் நிறையப் பெண்கள் மேற்கே கிளம்பினார்கள், முன்சீட்டில் மாராத்தாள், மடியில் காவிரி மொண்ட பித்தளைக் குடம், பக்கத்தில் கோகிலவாணி. நொய்யல் கரையில் ஒரு பெரிய சாயப்பட்டறை வாசலில் போய் இறங்கினார்கள். வெளியே வந்த மேனேஜர் சின்ன வயசுப் பையன், மரியாதையாகவே பேசினான்.

"அம்மா, நீங்கள்லாம் எந்த ஊருங்க? உங்களுக்கும் இந்த ஆத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தமா?" என்றாள் மாராத்தாள். கோகிலவாணியின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினாள். "இது என்ற மருமவ. இது அவ பொறந்தவூட்டு ஆறு. அப்ப நான் உனக்குச் சம்பந்தியாகோணும் சாமி." பிறகு குடத்திலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி அவனிடம் நீட்டினாள். "சம்பந்தி வீட்டுத் தண்ணி. குடி."

அவன் டம்ளரை வாங்கினான். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. அவன் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான், குடிக்கவில்லை.

மாராத்தாள் டம்ளரைத் திரும்ப வாங்கிப் பாதியைத் தான் குடித்தாள், மீதியை மருமகளிடம் கொடுத்தாள். கோகிலவாணியும் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தாள்.

"நாங்க தெனமும் குடிக்கறோம்" என்றாள் மாராத்தாள், வாசல் மண்ணிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு. "நீ குடிக்கறவரைக்கும் இங்கதான் இருக்கப்போறோம். அவசரமில்ல."